கோழிக்குஞ்சுகளைக் கூட்டில் அடையப் பழக்குதல்: இராமநாதபுரக் கடலோரத்தில் புதிதாகக் கோழி வளர்ப்போருக்கு

தாய்க்கோழியோடு வளரும் குஞ்சுக்கு அடையும் இடத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் தாய் எங்கே போய் உட்காருகிறதோ அங்கே அதன் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். இரண்டு மாதம் கழித்துத் தாய் கொத்தி விரட்டும்போது அந்த இடம் அதற்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சாக வாங்கி வந்து, அட்டைப்பெட்டியில் குண்டு பல்பின் சூட்டில் நாம் வளர்த்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதைக் கூட்டில் விட்டுக் கதவைச் சாத்தினால் அன்றிரவு உள்ளே இருக்கும். மறுநாள் திறந்துவிட்டால், மாலையில் சீமைக்கருவேலக் கிளையிலோ கரையேற்றிய வல்லத்தின் அடியிலோ அதைத் தேடிக்கொண்டிருப்போம்.

நான் முதன்முதலில் வாங்கிய 14 குஞ்சுகளை, ஏழாவது வாரத்தில், ஐப்பசி மாதத்துக் காலைவேளை ஒன்றில் புதிதாகக் கட்டிய கூட்டில் கொண்டுபோய் விட்டேன். பகல் முழுவதும் உற்சாகமாக மேய்ந்தன. இருட்டியபோது ஐந்து மட்டுமே உள்ளே இருந்தன. மற்ற ஒன்பதும் கூட்டின் கால்களுக்கு இடையே வெறும் மணலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. ஓர் இரவுதானே என்று அப்படியே விட்டேன். விடிந்தபோது மூன்றைக் காணவில்லை. காட்டுப்பூனையின் தடமும், வேம்படி வரை சிதறிய இறகுகளும்தான் மிஞ்சின. பக்கத்து வீட்டு அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, “பகல்ல கொண்டாந்து விட்டா, மேயிற எடம்னுதானப்பா அது நெனைக்கும். பொழுது சாய விடணும். அடைஞ்ச எடத்தத்தான் கோழி வீடுங்கும்” என்றார். பிறகு நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தப் பேச்சுக்குள் அடக்கம். மீதி, நம் ஊரின் உப்பும் காற்றும் கற்றுக்கொடுத்தது.

எப்போது மாற்றுவது

பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதன்பின் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். மார்கழி, தை மாதங்களின் இரவுகளை விட்டுவிட்டால், நம் கடலோரத்தில் நான்காவது வாரத்துக்குப் பின் பல்பு அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் பல்பு தேவைப்படாத குஞ்சு, காற்று புகும் கூட்டில் இரவைக் கழிக்கத் தகுதியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. குஞ்சைக் கையில் எடுத்துக் கழுத்தின் பின்புறத்தையும் இறக்கையின் அடிப்பக்கத்தையும் வாயால் ஊதிப் பாருங்கள். பிறந்தபோது இருந்த பூம்பஞ்சு பெரும்பாலும் உதிர்ந்து, இறகுகள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் மாற்றலாம். இதற்குப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பல்பை முழுமையாக நிறுத்தி, அந்த இரவுகளைக் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதிக்காமல் கடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களில் இளங்குஞ்சைப் புதுக்கூட்டுக்கு மாற்றுவதை நான் விரும்புவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மாற்றினால் முதல் நாளே வாயைப் பிளந்து இரைக்கும். கார்த்திகைக் கடைசியில் அடை வைத்த முட்டை 21 நாளில் பொரித்தால், அந்தக் குஞ்சு மாசியில் கூடு மாறும். தரை உலர்ந்து, வாடை அடங்கி, வெயில் ஏறாத அந்தக் காலமே எல்லாவற்றுக்கும் தோது. கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களைப் பிப்ரவரியில் நடத்துவதால் அதுவும் கூடிவரும்.

தடுப்பூசி பற்றி ஒரு சொல். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் இராணிக்கேட் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், நான்காவது வாரத்தையொட்டி லசோட்டா என்னும் தடுப்பு மருந்தும், எட்டாவது வாரத்தையொட்டி இறக்கைப் பகுதியில் தோலுக்கு அடியில் ஊசியும் போடுவது வழக்கம். சரியான நாளை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட நாளிலேயே கூட்டையும் மாற்றாதீர்கள். இரண்டு அலைச்சலுக்கும் இடையே ஒரு வாரமாவது இருக்கட்டும்.

கூட்டை ஆயத்தம் செய்தல்

இருபது குஞ்சுகளுக்கு 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கூடு போதும். தலைக்கு 2 சதுர அடி கிடைக்கும். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும், அப்போதுதான் வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் நேராக விழும். நம் பக்கத்தில் காற்றுக்கும் இதுவே தோதானது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று மணலை வாரிக்கொண்டு வருவதால் மேற்குப் பக்கத்தைக் கிடுகு கட்டி அடைத்துவிட வேண்டும். வடக்குப் பக்கத்தில் சுருட்டி ஏற்றவும் இறக்கவும் கூடிய தார்ப்பாயைத் தொங்கவிட்டால் வாடைக்காற்றோடு வரும் சாரலுக்கு மட்டும் இறக்கிக்கொள்ளலாம். எல்லாப் பக்கத்தையும் மூடி வைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கோழி குளிரைத் தாங்கும், அதன் எச்சத்திலிருந்து கிளம்பும் காரநெடியைத் தாங்காது. ஆகவே கூரைக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்காவது சுற்றிலும் வலையாகவே இருக்க வேண்டும்.

தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் கூட்டைக் கால்களின் மேல் நிறுத்துவது நம் மண்ணுக்குப் பொருந்தும். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். கால்களுக்கு இடையிலான வெற்றிடத்தையும் வலையால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் என் குஞ்சுகளுக்கு நேர்ந்தது உங்கள் குஞ்சுகளுக்கும் நேரும். தரைமட்டக் கூடு வைத்திருப்பவர்கள், சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை மணலில் படுக்கவிட்டு அதன்மேல் செங்கல் அடுக்க வேண்டும். கீரியோ நாயோ சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். கீழே வலை தட்டியதும் விட்டுவிடும். நம் மணலில் தோண்டுவது எந்த விலங்குக்கும் கால்மணி நேர வேலை.

வலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கடலோரத்தில் பணம் வீணாகிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலமே தன் காலம் முழுவதும் உப்பரிப்போடு போராட வேண்டியிருந்தது என்றால், நாம் வாங்கும் மெல்லிய கோழிவலை எம்மாத்திரம்? அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷே (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பிவலை) நல்லது. பிளாஸ்டிக் பூச்சு உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. வலையை விடவும் முந்தி இற்றுப்போவது அதைச் சட்டத்தோடு பிணைக்கும் கட்டுக்கம்பிதான். முறுக்கிய இடத்தில் பூச்சு உரிந்து, ஒரு மழைக்காலத்துக்குள் துரு ஏறி, விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். அந்த இடங்களில் கம்பிக்குப் பதிலாக மரச்சட்டத்தை வைத்து ஆணியடித்து இறுக்குவதும், ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு பிணைப்பையும் கையால் இழுத்துப் பார்ப்பதும் நல்லது.

பழைய மீன்வலை வீட்டில் கிடக்கிறதே, அதையே சுற்றிக் கட்டிவிடலாமே என்று நம் ஊரில் எல்லோருக்கும் தோன்றும். மேய்ச்சல் திடலுக்கு மேலே, பருந்தும் காக்கையும் இறங்காதபடி விரிப்பதற்கு அதைவிடச் சிறந்த பொருள் இல்லை. பக்கச்சுவருக்கு அது ஆகாது. நைலான் நூலைக் கீரி கடித்து அறுத்துவிடும். குஞ்சின் விரல் கண்ணியில் மாட்டி, இழுக்க இழுக்க இறுகி, காலையில் பார்க்கும்போது கால் வீங்கிக் கறுத்திருக்கும்.

உள்ளே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள கழிகளைக் கூட்டின் நீளவாக்கில் கட்டுங்கள். ஒரு குஞ்சுக்கு ஒரு சாண் இடம் என்று வைத்துக்கொண்டால் மேற்சொன்ன கூட்டுக்கு இரண்டு கழிகள் தேவைப்படும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தால் எல்லாமே அதற்குத்தான் சண்டையிடும். கழியின் விளிம்பைச் சீவி மழுக்கிவிடுங்கள். பனஞ்சட்டத்தைக் கழியாக்குவோர் அதன் நார்ப்பிளவுகளைக் கவனிக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உயர்த்திக் கட்டிய கூட்டுக்குச் சாய்வுப் பலகை வைக்கும்போது, அரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அடிக்காவிட்டால் குஞ்சு பாதி ஏறி வழுக்கி இறங்கும். இரண்டு முறை வழுக்கிய குஞ்சு அந்தப் பலகைப் பக்கமே போகாது.

தரையில் நெல் உமியோ கடலைத் தோலோ மூன்று அங்குலம் பரப்புங்கள். சுலபமாகக் கிடைக்கிறது என்று கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். குஞ்சு எதையும் கொத்திப் பார்க்கும் வயதில் இருக்கிறது. மணலோடு உப்பும் உள்ளே போகும்.

உப்பு

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. உள்மாவட்டத்தில் எழுதப்பட்ட கோழி வளர்ப்புக் குறிப்புகளில் இது ஒரு வரியோடு முடிந்துவிடும். நமக்கோ பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது. குஞ்சின் சிறுநீரகம் முழுதாக வலுப்பெறாததால், வளர்ந்த கோழி சமாளிக்கும் உவர்நீரைக் குஞ்சால் சமாளிக்க முடியாது. கிணற்று நீர் உங்கள் நாக்குக்குக் கரித்தால் குஞ்சுக்கு அதை வைக்காதீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரையோ, விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீரையோ, சேமித்த மழைநீரையோ கொடுங்கள். இருபது குஞ்சுகள் ஒரு நாளைக்குக் குடிக்கும் நீர் ஒரு குடத்தில் பாதிகூட வராது.

அடுத்தது கருவாடு. புரதத்துக்காகக் கருவாட்டைப் பொடித்துத் தீவனத்தில் கலப்பது நம் பக்கத்து வழக்கம். உப்பிடாமல் வெயிலில் காயவைத்த கழிவு மீனாக இருந்தால் அது நல்ல தீவனமே. உப்பில் ஊறிய கருவாட்டைக் கலந்தால் குஞ்சு ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராகப் போகும், வயிறு உப்பும், கால் தள்ளாடும், பிறகு சாகும். பலரும் இதைக் கழிச்சல் நோய் என்று எண்ணி மருந்து வாங்க ஓடுகிறார்கள். குஞ்சுகள் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர்த் தட்டையே சுற்றி நின்றால், முதலில் நேற்று என்ன தீவனம் போட்டோம் என்று யோசியுங்கள். புதுக்கூட்டுக்குப் போகும் வாரத்தில் தீவனத்தை மாற்றவே கூடாது. பெட்டியில் இருந்தபோது தின்ற அதே தீவனம், அதே தட்டு, அதே தண்ணீர்க் குடுவை கூட்டுக்கும் போகட்டும்.

மாற்றும் மாலை

சூரியன் மறைந்து, முகம் மட்டும் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது; அந்த நேரத்தில் பிடித்தால் ஓடாது, இறக்கை அடிக்காது. பஞ்சாரத்திலோ மூடிய கூடையிலோ எடுத்துச்செல்லுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் செல்வது சந்தைக்குக் கொண்டுபோகும் கோழிக்குச் செய்வது. நீங்கள் பழக்க நினைக்கும் குஞ்சுக்கு அதைச் செய்யாதீர்கள்.

கூட்டுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துக் கழியின் மேல் உட்கார வையுங்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் இறக்கையை அணைத்துப் பிடித்து, பாதம் கழியில் பட்டதும் உடனே விட்டுவிடாமல், நகங்கள் மடங்கிக் கழியைப் பற்றுவது கைக்குத் தெரியும் வரை பொறுக்க வேண்டும். பற்றியதும் உடம்பு கொஞ்சம் தாழ்ந்து, நெஞ்சு கழியின் மேல் படியும். அப்போது கையை எடுக்கலாம். ஒன்றிரண்டு குதித்து இறங்கும். மறுபடியும் ஏற்றுங்கள், மூன்றாம் முறையும் இறங்கினால் விட்டுவிடுங்கள். கீழே இறங்கியவை மூலையில் போய்க் குவிந்து, அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் செத்துப்போவதுண்டு. இதைத் தவிர்க்க நான்கு மூலைகளிலும் வைக்கோலைத் திணித்தோ அட்டையை வளைத்து வைத்தோ மூலையே இல்லாதபடி செய்துவிடுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு முறை போய்ப் பார்ப்பதும் அவசியம்.

முதல் ஏழு நாள்

ஏழு நாள் வெளியே விடாதீர்கள். பாவமாக இருக்கும், கதவருகே வந்து கத்தும், பக்கத்து வீட்டார் கேட்பார்கள், இருந்தாலும் விடாதீர்கள். ஒவ்வொரு மாலையும் அதே நேரத்தில் போய், கீழே படுத்திருப்பவற்றைக் கழியில் ஏற்றுங்கள். என் அனுபவத்தில் மூன்றாம் நாளில் பாதியும் ஐந்தாம் நாளில் ஏறத்தாழ எல்லாமும் தாமாக ஏறிவிடும். பொழுது சாயும் அரைமணி நேரத்துக்குக் கூட்டுக்குள் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். வெளியை விட உள்ளே வெளிச்சமாக இருக்கும் அந்தக் காட்சி, பின்னாளில் திரும்பி வருவதற்கு உதவும். எல்லாம் ஏறி அமர்ந்ததும் அணைத்துவிடுங்கள்.

தீவனம் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒலியை எழுப்புங்கள். நான் தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்குகிறேன். ஒரு வாரத்தில் அந்த ஓசைக்கு ஓடிவரும். இரவில் ஒன்றிரண்டின் இரைப்பையைத் தடவிப் பார்ப்பதும் நல்ல பழக்கம்: கழுத்தடியில், சற்று வலப்புறமாக, நெல்லிக்காய் போல் திரண்டிருந்தால் அது வயிறார உண்டிருக்கிறது, தொளதொளவென்று காலியாக இருந்தால், அதை மற்றவை தட்டுக்கு அண்டவிடவில்லை என்று பொருள். இன்னொரு தட்டை எதிர்மூலையில் வையுங்கள்.

திறந்துவிடுதல்

எட்டாம் நாள், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, மதியத் தீவனத்தைக் குறைத்து ஓரளவு பசியோடு வைத்துத் திறந்துவிடுங்கள். வாசலில் தயங்கும், ஒன்று எட்டிப் பார்க்கும், அதன்பின் எல்லாம் ஒரே கும்பலாக இறங்கும். கூட்டை விட்டு அதிக தூரம் போகுமுன் பொழுது சாய்ந்துவிடும். அப்போது டப்பாவைக் குலுக்கித் தீவனத்தைக் கூட்டுக்குள் வையுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். குறைந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு தேடி, மரத்தில் ஏறியதை அன்றே இறக்கிக் கூட்டில் வையுங்கள். இரண்டு இரவு மரத்தில் தூங்கிய கோழியை மறுபடி கூட்டுக்குப் பழக்குவது பெரும்பாடு. நாளுக்கு அரைமணி, ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போய், பத்துப் பன்னிரண்டு நாளில் காலையிலேயே திறந்துவிடும் நிலைக்கு வரலாம்.

ஏற்கெனவே கோழிகள் இருந்தால்

பெரிய கோழிகள் உள்ள கூட்டில் குஞ்சுகளை நேரடியாக விட்டால் கொத்தியே கொன்றுவிடும். கூட்டின் நடுவே வலைத் தடுப்பு வைத்துப் பத்து நாள் ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடுங்கள். பிறகு ஓரிரவில் தடுப்பை எடுத்துவிட்டு, விடியும்போது நீங்கள் அங்கே இருங்கள். முதல் சில நாள் கொத்து இருக்கத்தான் செய்யும். தங்களுக்குள் யார் பெரியவர் என்று தீரும்வரை அவை ஓயா. இரத்தம் வந்த குஞ்சை மட்டும் உடனே பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். குஞ்சு மட்டும் நுழையக்கூடிய இடைவெளியில் சட்டங்கள் அடித்த ஒரு மறைவிடத்தை அமைத்து அதனுள் தட்டை வைத்தால், துரத்தப்படும் குஞ்சும் பட்டினி கிடக்காது. பெரிய கோழிக்கான முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குஞ்சு அதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். இதற்காகவும் அந்த மறைவிடம் தேவை. வாரச்சந்தையில் வாங்கிய குஞ்சாக இருந்தால், கூட்டுக்குக் கொண்டுவரும் முன்பு இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

ஈரமும் உண்ணியும்

மழைக்காலத்தில் உமியை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் அதை அள்ளிவிட்டுப் புதிது பரப்ப வேண்டும். ஈர உமியில்தான் இரத்தக்கழிச்சல் பெருகுகிறது. எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள், இந்த நோய் காத்திருக்காது.

பனஞ்சட்டத்தின் பிளவுகளைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். கோழி உண்ணி பகலில் அந்தப் பிளவுக்குள் ஒளிந்திருந்து, இரவில் இறங்கி இரத்தம் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். பகலில் கோழியைப் பிடித்துப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் அகப்படாது. நன்றாக அடைந்துகொண்டிருந்த குஞ்சுகள் திடீரென்று கூட்டுக்குள் போக மறுத்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இரவு பத்து மணிக்கு மேல் டார்ச்சோடு போய்க் கழியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இருந்தால், கழிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, பிளவுகளில் வேப்பெண்ணெயைத் துணியால் அழுத்தித் தேய்த்த பிறகே மறுபடி கட்டுங்கள். பேனுக்கும் செல் என்னும் சிறுபூச்சிக்கும் கூட்டின் அருகே சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்த ஒரு குழி போதும். கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும்.

முட்டைப் பெட்டிகளை இப்போதே வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்படுவோர் வைக்கலாம். ஆனால் 18 வாரம் ஆகும்வரை அவற்றைக் கவிழ்த்தே வையுங்கள். திறந்திருந்தால் குஞ்சுகள் கழியை விட்டுவிட்டு அதற்குள் படுத்துத் தூங்கப் பழகி, முட்டையிடும் பருவம் வந்தபின் எச்சத்தின் மேல்தான் முட்டை கிடக்கும்.